தெருவெல்லாம் கேட்ட துடிப்பு

1992ஆம் ஆண்டு காலரா பரவிய ஐப்பசியில், கோவில்பதாகையில் பதினேழு வயது ஞானகுமாரியின் வயிற்றிலிருந்த குழந்தையின் இதயத் துடிப்பு தெரு முழுவதும் கேட்கத் தொடங்கியது. அது என்ன சத்தம் என்று ஞானகுமாரிக்கு மட்டுமே தெரியும். சர்ச் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசித்த எட்மண்ட், அவள் கர்ப்பமான சேதியைக் கேட்ட வாரமே பம்பாய்க்கு ரயிலேறியிருந்தான். அவள் தாவணியை வயிற்றில் இறுக்கிச் சுற்றினாள். ரேடியோவை அலற விட்டாள். பயனில்லை. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் மெல்ல நகர்ந்தன. அந்த வாரம்தான் தெருவில் சிலரை வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. நகராட்சி ஆட்கள் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். காலராதான் நடந்து வருகிறது, இது அதன் காலடி என்று யாரோ சொல்ல, எல்லோரும் நம்பினார்கள். ஆண்கள் கட்டைகளோடு கிளம்பி, சுவர் சுவராகக் காது வைத்துக்கொண்டே வந்தார்கள். அவர்கள் நெருங்க நெருங்க ஞானகுமாரியின் பயம் குழந்தைக்கும் தொற்றி, துடிப்பு வேகமெடுத்தது. அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போகும் அவள் அம்மா லூர்தம்மாளுக்கு அந்த நிமிடம்தான் விஷயம் புரிந்தது. மகளை அடிக்க ஓங்கிய கையால் கதவின் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு வஹீதுன்னிசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஆறு பெற்றவள். கதவில் காது வைத்துக் கேட்டாள்.

“இன்னாத்துக்குக் கட்டையத் தூக்கினு வந்துகீறீங்க? நோயும் இல்ல, ஒரு எழவும் இல்ல. உள்ள ஒரு பொண்ணு முழுகாம கீது. ஊட்டுக்குப் போங்க!”

கூட்டம் கலைந்தது. ஆனால் அதன்பின் குழாயடியில் லூர்தம்மாள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். சத்தத்தில் தூக்கம் கெடுகிறது, வேறு எங்காவது போகட்டும் என்றார்கள். மார்கழியில் ஞானகுமாரிக்கே வாந்திபேதி கண்டது. மதியத்துக்குள் கண் குழிந்து குரல் போயிற்று, துடிப்பும் தளர்ந்தது. திட்டியவர்களெல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். ஆட்டோ எதுவும் தெருவுக்குள் வர மறுத்ததால், வஹீதுன்னிசாவின் கணவர் ஷவுகத் அலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பாயை விரித்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை லூர்தம்மாள் மகள் வாயில் ஊற்றிக்கொண்டே ஏறினாள். ஞானகுமாரியின் உதடு மட்டும் அசைந்தது.

“எம்மா, அது நின்னுடுமா?”

“நிக்காது. நீ குடி.”

வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. துடிப்பு தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. தூரத்தால் கேட்கவில்லையா, உயிர் போய் நின்றதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. தூக்கம் கெடுகிறது என்றவர்கள் அந்த அமைதியில் கண்ணை மூடவே பயந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒருவர் மாற்றி ஒருவர் தெருமுனைக்குப் போய்க் காதைத் தீட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஒரு சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. வண்டி பிறகுதான் வந்தது.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. தெரசா என்று பெயர் வைத்தார்கள். துடிப்பு அதன்பிறகும் நிற்கவில்லை. எட்மண்ட் ஒருமுறை வந்து, தெருமுனையில் அதைக் கேட்டு, அப்படியே திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். 1999இல் அங்கே புதிதாகக் குடிவந்த ஒருவர், மோட்டார் ஏதாவது ரிப்பேரா என்று விசாரித்தார்.

“மோட்டார் இல்ல சார்,” என்றாள் வஹீதுன்னிசா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. “நம்ம தெரசா. இஸ்கூல் உட்டு ஓடியாருது.”