பச்சைச் சீட்டு

"படிச்சுப் படிச்சு, பெத்தவனைத் துணியில சுத்திப் போடத்தான் கத்துக்கிட்டியா?" என்றாள் அத்தை.

"புதுப் பருத்தித் துணி அத்தை."

"ஆமா, பெரிய பட்டு!"

அப்பா கூடத்தில் கட்டிலில் கிடந்தார். முந்தின நாள் மதியம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இன்று பதினொரு மணிக்கு அடக்கம். சவப்பெட்டிப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் பாலிஷ் போட்டவர். டாக்டர் கேஸ் தாளில் 'நோய் தொழில் சார்ந்ததாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். நான் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அறிக்கைகளிலும் அந்த 'இருக்கலாம்' வரும். தெரியும், ஆனால் வம்பு வேண்டாம் என்று அர்த்தம்.

தின்னர் நெடியில் வெந்துபோன மனுஷனை மறுபடியும் பாலிஷ் பூசிய பெட்டியில் அடைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நகரத்துக்கு வெளியே புதிதாக ஒரு அடக்கத் தோட்டம் வந்திருக்கிறது. அங்கே உடம்பில் மருந்து ஏற்றக் கூடாது. பெட்டியில் வார்னிஷ், பித்தளை, ஆணி எதுவும் கூடாது. மேலே சிமெண்டு கூடாது. துணியில் சுற்றி மண்ணில் வைப்பார்கள், மேலே புல் முளைக்கும். அவ்வளவுதான்.

"பணக்காரன் பெட்டியில்லாம போனா பூமியைக் காப்பாத்துறான்னு பேப்பர்ல போடுவான்" என்றாள் அத்தை. "நாம போனா, பெட்டிக்கு வக்கில்லைன்னு தெருவே பேசும். இது உன் படிப்புல இல்லையா?"

அவள் சொன்னது உண்மை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

"அவரே கேட்டார்னு சொல்றாளே. விடுங்க அண்ணி" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

அவரே கேட்டார். அதுதான் என் கையிலிருந்த ஒரே ஆயுதம். மூன்று வாரத்துக்கு முன்னால் வார்டில் அந்தத் தோட்டத்தின் துண்டுப் பிரசுரத்தை எடுத்து, "அப்பா, உனக்குப் பச்சை அடக்கம் பண்ணலாம்னு இருக்கேன்" என்றேன். மறைக்கவில்லை. இத்தனை நாள்தான் என்று அவருக்கும் தெரியும். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார்.

"பச்சையா? எனக்கா?"

"உனக்குத்தான்."

"அதெல்லாம் நமக்குக் குடுப்பாங்களாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் குடுக்க மாட்டாங்க? நாம மனுஷங்க இல்லையா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்தாள். இருமல் அடங்கியதும் "மீதியையும் படிக்கட்டுமா?" என்றேன். "நீ படிச்சா சரிதான்" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் எனக்கு எட்டு வயதானதிலிருந்து நேராக என் கைக்குத்தான் வரும். நான் படித்துவிட்டு, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டுவேன். அன்றும் காட்டினேன்.

எட்டரை மணிக்கு வாசலில் மினி லாரி வந்து நின்றது. பட்டறை ஆட்கள் நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் அப்பாவின் கூட்டாளி. தச்சர்கள் மட்டம் பார்க்கும் கருவி மாதிரி தலையை ஒரு பக்கமும் சாய்க்காமல் நடப்பதால் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். முந்தின நாள் நானே போன் செய்து, "மாமா, அப்பா பச்சைதான் வேணும்னு சொல்லியிருந்தார்" என்று தகவல் சொல்லியிருந்தேன். "பச்சையா!" என்றவர், "நீ கவலைப்படாதே பாப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். குழி வெட்ட வருவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

லாரியிலிருந்து அவர்கள் இறக்கியது ஒரு பெட்டி. அதன் மூடியில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி கம்பியாகத் தெரிந்தது. பக்கத்துக்கு மூன்று பித்தளைக் கைப்பிடி. பெட்டிக்கு முன்னால் அதன் நெடி வீட்டுக்குள் வந்துவிட்டது. சின்ன வயதில் சாயங்காலம் ஆனால் அப்பாவோடு கூடவே வருமே, அதே நெடி.

"மாமா, என்ன இது?" என்று கத்தினேன்.

"பச்சை, பாப்பா."

"எது பச்சை? இதுல எங்க பச்சை இருக்கு?"

பெட்டியின் தலைமாட்டில் குத்தியிருந்த ஒரு சீட்டைக் காட்டினார். பச்சைத் தாள். "பட்டறையில மூணு சீட்டு. வெள்ளைன்னா வெறும் பலகை. மஞ்சள்னா ரெண்டு கோட்டிங். பச்சைன்னா ஏழு கோட்டிங், பித்தளை, உள்ளே மெத்தை. பெரிய எடத்துப் பெட்டி. நீதானே பச்சைன்னு சொன்னே?"

"நான் சொன்னது சுற்றுச்சூழல் மாமா!"

"எந்தச் சூழல்?"

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சீட்டு தெரியாது. பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழிலுக்கு 'மரவேலை' என்று எழுதிய பெண் நான். அந்தப் பட்டறை வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை.

"இதுல மொத அஞ்சு கோட்டிங் உங்கப்பா கைதான்" என்றார் ரசமட்டம். "அவர் படுக்கறதுக்கு முன்னாடி செஞ்ச கடைசிப் பெட்டி. ஆர்டர் குடுத்தவங்க வேண்டாம்னுட்டாங்க. சாக்கைப் போத்தி மூலையில வச்சிருந்தோம். நேத்து நீ சொன்னதும் மீதி ரெண்டை நாங்க முடிச்சோம். முதலாளியே எடுத்துக்கோங்கன்னுட்டாரு." சீட்டின் மடிந்த நுனியை நீவினார். "ஒரு தடவை, முதலாளி சாப்பிடப் போனப்ப, உங்கப்பா ஒரு பச்சைக்குள்ள படுத்துப் பாத்தாரு. 'டேய், இதுல இருமலே வராது போலிருக்கே'ன்னாரு. அன்னைக்கு பூரா அதையே சொல்லிச் சிரிச்சோம்."

நமக்குக் குடுப்பாங்களாம்மா?

அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். "அம்மா, அப்பா உன்கிட்ட என்ன சொன்னாரு? சொன்னபடியே சொல்லு."

"எனக்கென்னடி தெரியும், அப்பனும் மகளும் தாளை வச்சுக்கிட்டுப் பேசினீங்க. 'உம்பொண்ணு எனக்குப் பச்சை வாங்கித் தரப்போறா'ன்னாரு. நான் ஏதோ பச்சைத் துண்டுன்னு நெனச்சேன்."

எழுந்து கொல்லைப்புறம் போய்த் தோட்டத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். பாலிஷ் போட்ட பெட்டி உள்ளே வரக் கூடாது, உடலை மட்டும் கொண்டு வரலாம் என்றாள். "கையெழுத்துப் போட்டு அவரே கேட்டதுதானேங்க?"

கேட்டார் என்று சொன்னால் போதும். பெட்டி திரும்பிப் போய்விடும். தோட்டத்தைப் பற்றி நான் நம்பியதில் ஒன்றும் மாறவில்லை. ஏழு கோட்டிங் மண்ணுக்குள் என்ன செய்யும், கீழே இருக்கும் தண்ணீரை என்ன செய்யும் என்று நான் எழுதிக்கூடக் காட்டுவேன். அந்த நெடிதான் அவரைக் கொன்றது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லை. நான் பாதி படித்துவிட்டு விரலால் இடம் காட்டிய கையெழுத்து அது.

"இல்லைங்க. அவர் வேற ஒண்ணு கேட்டிருக்காரு. எனக்குப் புரியலை" என்று வைத்துவிட்டேன்.

உள்ளே வந்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்தாள். "பொது மயானத்துல நேத்தே சொல்லி வச்சிட்டேன். நீ மாறுவேன்னு நினைக்கலை. நீ அசந்த நேரம் அங்க கொண்டு போயிடலாம்னுதான்." முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "என் தம்பிடி அவன்."

நான்கு பேருமாக அப்பாவைத் தூக்கி வைத்தார்கள். பருத்தித் துணியை நானே விரித்தேன். அதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. மூடியைச் சாத்தியபோது நான் கையை வைத்து அழுத்திவிட்டேன். கடைசிக் கோட்டிங் முழுதாகக் காயவில்லை. கையை எடுத்தபோது பிசுக்கென்று ஒட்டியது. ஐந்து விரலும் மூடியில் பதிந்துவிட்டன.

ரசமட்டம் இடுப்பிலிருந்த துணியை உருவிக்கொண்டு குனிந்தார். தேய்க்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

"உங்கப்பா பாத்திருந்தா எங்களைத் திட்டிக் கிழிச்சிருப்பாரு" என்றார். "மொதல்ல இருந்து உப்புத்தாள் போடச் சொல்லியிருப்பாரு."

"போடுங்க மாமா. நேரம் இருக்கு."

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு லாரிக்குப் போய் உப்புத்தாளையும் பாலிஷ் டப்பாவையும் எடுத்து வந்தார். உப்புத்தாளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அந்த நெடியில் கண் எரிய, எப்படித் தேய்க்க வேண்டும் என்று கேட்டேன்.