குமுதாவின் செங்கல்

என் அம்மாவை அந்தப் பயணத்துக்கு நான் கூப்பிடவில்லை. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியின் மாதர் குழு பழைய கோயில்களைத் தோண்டி எடுத்திருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஒருநாள் சுற்றுலா போடுகிறது, வழிகாட்டி நான்தான் என்று தெரிந்ததும் அவளாகவே பெயர் கொடுத்துவிட்டாள். விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறும்போது, என்னைத் தெரியாதவள் மாதிரி, "குட் மார்னிங் மிஸ்" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று கோயில் மண்டபத்தில் எனக்கு மாலை போட்டார்கள். வரலாறு படித்தேன். மாலை காய்வதற்குள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அலுவலகத்தில் காதில் ஹெட்போன் மாட்டி, யாரோ வாங்கிய ஃபிரிட்ஜ் ஏன் குளிரவில்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் அதைத்தான் செய்கிறேன். வழிகாட்டி லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சனி, ஞாயிறுகளில் மட்டும், நான் படித்ததை யாராவது காசு கொடுத்துக் கேட்கிறார்கள்.

காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாது. தாப்பா ஓய்விடத்தில் நாசி லெமாக் தின்றுவிட்டு ஏறியதும் சபாபதி அங்கிள் கரோக்கே மைக்கைப் பிடித்துக்கொண்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; பக்கத்துத் தெருத் தனி வீட்டிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டவர்.

"மிஸ், அங்க இருக்கிறதெல்லாம் நம்ம சோழன் கட்டின கோயில்தானே? மைக்ல ஒருதடவ சொல்லிடுங்க லா. இந்தச் சின்னதுங்க காதுல விழட்டும்."

"சொல்ல மாட்டேன் அங்கிள். ஆதாரம் இல்ல. சோழன் படையெடுத்து வந்தான், அவ்வளவுதான். அதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே இங்க இருந்தவங்க செங்கல் சுட்டாங்க, இரும்பு உருக்கினாங்க. அவங்களத் தேடி கப்பல் வந்துச்சு."

"அப்ப நம்மாளு வந்து என்னதான் செஞ்சான்?"

"கொள்ளை அடிச்சான்."

பஸ் முழுக்க ஓவென்று சத்தம். சாந்தமேரி ஆன்டி பின் சீட்டிலிருந்து கத்தினார். "சபாபதி அண்ணே, இதுக்குத்தான் சொன்னேன், மைக்க குடுத்துட்டு பேசாம தூங்குங்கன்னு!"

அம்மா நாலாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்தாள். அவளும் சிரித்தாள். என் மகளைப் பார் என்று பக்கத்து சீட்டுக்குச் சொல்லியிருப்பாள் போல. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று வருஷமாக அவள் சிரித்தால் எனக்கு அப்படித்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். குமுதா. டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது டிங்கிக் காய்ச்சலில் போனாள். அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஆறு. கன்னியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், அரச மரத்தடியில் ஒரு செங்கல்லை நட்டு, அதுதான் குமுதா என்றார்கள். வெள்ளிக்கிழமை அம்மா அதைக் குளிப்பாட்டுவாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் துணியைப் பாவாடையாகச் சுற்றுவாள். "இன்னைக்கு ஸ்கூல்ல உன் தங்கச்சி ஃபர்ஸ்ட்டு" என்று அதனிடம் சொல்வாள். கிள்ளானுக்கு வந்த பிறகும் மாதம் ஒருமுறை பஸ் மாறி மாறிப் போய் வருவாள்.

பிறகு தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியது. வீட்டுமனை வரப்போகிறது, கோயிலை வேறு இடத்துக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். கோயில் செயலாளராக இருந்த என் அப்பா அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். கமிட்டியில் மிச்சம் இருந்தவர்கள் நாலு கிழவர்கள். ஆங்கிலத்தில் ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதுதான் பட்டதாரி இருக்கிறதே.

அந்தக் கம்பெனி அனுப்பிய அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். விவியன் என்று பேர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வெள்ளைச் சட்டை, அழகான ஆங்கிலம். மாற்ற வேண்டிய பொருள்களை வரிசையாக எழுதச் சொன்னாள். மூலவர், உற்சவர், சூலம், வேல், மணி, முனியாண்டியின் அரிவாள் என்று பதினாறு வரை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் அளவு, என்ன பொருளால் ஆனது, என்ன முக்கியத்துவம் என்று மூன்று கட்டங்கள். பதினேழில் பேனா நின்றது. செங்கல், ஒன்று. முக்கியத்துவம்: என் அக்கா. இதை எப்படி எழுதுவது? அவள் நிமிர்ந்து பார்த்து, "வேற ஏதாச்சும் இருக்கா டியர்?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன்.

சனிக்கிழமை நானே போய்ச் செங்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலையிலேயே எக்ஸ்கவேட்டரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அரச மரத்தையும் அதனடியில் இருந்ததையும் சேர்த்துத்தான் தள்ளினார்கள். அப்போது அம்மா சர்க்கரை வியாதியில் ஒரு கால் விரலை எடுத்துவிட்டு கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். "குமுதாவ எழுதிட்டியா?" என்று போனில் கேட்டாள். "எழுதிட்டேன்" என்றேன். அன்றிலிருந்து அம்மா அந்தக் கம்பெனிக்காரர்களைச் சபித்துக்கொண்டிருக்கிறாள். எழுதிக் கொடுத்தும் விட்டுட்டானுங்க பாவிங்க என்று. நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஒருநாள் பேசாமல் இருந்தால் மறுநாள் அது சுலபம்.

பத்தரை மணிக்கு பள்ளத்தாக்கில் இருக்கும் மெர்போக் வந்து சேர்ந்தோம். மலையடிவாரம், ஓடைச் சத்தம், நல்ல வெயில். கல்படிகள் ஏறி மேலே இருந்த பெரிய சண்டியைக் காட்டினேன். சண்டி என்றால் மலாயில் பழைய கோயில். மேலே கூரை கிடையாது, சுவர் கிடையாது. அடித்தளமும், தூண் நிறுத்திய கற்களும் மட்டும்.

"இத பாக்கவா அஞ்சு மணி நேரம் வந்தோம்? எங்க வீட்டு கார் போர்ச் இதவிடப் பெருசு லா" என்றார் சபாபதி அங்கிள்.

"உங்க கார் போர்ச் ஆயிரம் வருஷம் நிக்குமா அங்கிள்?"

"காண்ட்ராக்டர் சீனன். நிக்கும்."

கீழே இறங்கி, செங்கல் சண்டிக்கு அழைத்துப் போனேன். நூறு தடவை சொன்னதைச் சொன்னேன். இது முதலில் இந்த இடத்தில் இருந்ததில்லை. வேறு இடத்தில், மண்ணுக்கடியில் கிடைத்தது. அங்கேயே விட்டால் அழிந்துவிடும் என்று, படம் எடுத்து, வரைந்து, எந்தக் கல் எங்கே இருந்தது என்று குறித்து, கழற்றிக் கொண்டுவந்து, இங்கே திரும்ப அடுக்கினார்கள்.

சொல்லிக்கொண்டே வரும்போதுதான் யாருக்கு முன்னால் சொல்கிறேன் என்பது உறைத்தது. அதற்குள் அம்மா கூட்டத்தை விலக்கி முன்னால் வந்திருந்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை. குனிந்து செங்கற்களையே பார்த்தாள்.

"ஒண்ணுகூட விடாமலா கொண்டாந்தாங்க?"

"முடிஞ்ச வரைக்கும்மா."

"அப்ப நம்ம குமுதாவ மட்டும் எப்படி விட்டாங்க? நீ எழுதித்தானே குடுத்த?"

சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். யார் குமுதா என்று சாந்தமேரி ஆன்டி கேட்க, அம்மா சொன்னாள். மரத்தடி, செங்கல், காய்ச்சல், பதினொரு வயது எல்லாவற்றையும். அழாமல் சொன்னாள். கேட்டவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். சபாபதி அங்கிளின் கேலியெல்லாம் போய்விட்டது.

"விடக்கூடாதும்மா இத. லிஸ்டு காப்பி வச்சிருக்கியா பாப்பா? குடு. எனக்கு ஒரு வக்கீலத் தெரியும். எழுதிக் குடுத்தத எப்படி அவன் விட்டான்? மன்னிப்பாவது கேக்க வைக்கணும்."

"அப்புறம் பேசலாம் அங்கிள். சாப்பாட்டு நேரம் ஆச்சு."

"போன்ல இருக்குமே?" என்றாள் அம்மா. "அவ எல்லாத்தையும் போன்ல படம் புடிச்சு வச்சிருப்பா."

இருந்தது. பதினாறு வரிகளோடு இருந்தது. "பேட்டரி இல்ல" என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் மரத்தடி மேசைகளுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

சாப்பிட்டு முடித்துத் தலை எண்ணியபோது முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்றுதான் வந்தது. அம்மா இல்லை. கழிப்பறையிலும் இல்லை. ஓடைப் பக்கம் இறங்கினேன். அங்கே ஒரு பாறையில் செருப்பைக் கழற்றி வைத்து, ஒரு விரல் இல்லாத காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு. துண்டின் மேல் பாதி செங்கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாயிற்று. கைப்பையில் எப்போதும் இரண்டும் வைத்திருப்பாள்.

"எங்க எடுத்த?"

"அந்தாண்ட. கயிறு கட்டிருக்கிற எடத்துல நிறையக் கெடக்கு."

"அம்மா, அது ஆயிரம் வருஷத்துக் கல்லு. எடுத்தா கேஸ். என் லைசென்ஸ் போயிடும். திரும்ப வச்சிடு."

"ஒண்ணுதானே? அவங்களுக்கு எத்தன இருக்கு. எனக்கு அவள உக்கார வைக்க ஒண்ணும் இல்ல. மூணு வருஷமா எங்க இருக்கான்னே தெரியல உஷா. வெள்ளிக்கிழம வந்தா கை சும்மா இருக்கு." துண்டின் முனையால் செங்கல்லை மூட ஆரம்பித்தாள். "என் புள்ளய அவனுங்க மண்ணோட மண்ணா தள்ளினானுங்க. நான் ஒரு கல்லு எடுத்தா தப்பா?"

இங்கேயும் பேசாமல் இருந்திருக்கலாம். பையில் வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத, எப்போதும் வரும் அதே கோபம். அந்தக் கோபத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"அவங்க விடலம்மா. நான்தான் எழுதல."

அம்மா துண்டை மூடுவதை நிறுத்தினாள்.

"லிஸ்ட்ல குமுதா இல்ல. பதினாறோட நிறுத்திட்டேன். வேற இருக்கான்னு அந்தப் பொண்ணு கேட்டா. இல்லன்னு சொன்னேன்."

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"ஒரு செங்கல்ல அக்கான்னு எழுதறதுக்கு."

ஓடைக்கு மேலே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். அம்மா என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்டுத் தெரிந்துகொள்கிற குரலில்தான் பேசினாள்.

"நான் ஆஸ்பத்திரில இருந்தேன். சொல்லிருந்தா ராதாகிருஷ்ணன அனுப்பிருப்பேனே. அவன் மோட்டார்ல போயி எடுத்தாந்திருப்பான்."

ராதாகிருஷ்ணன் என் மாமா. சுங்கை பூலோவில் இருக்கிறார். ஒரு மணி நேரப் பாதை. எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று வருஷத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட எத்தனையோ சமாதானங்களில் ஒன்றிலாவது மாமாவின் மோட்டார் சைக்கிள் வந்ததில்லை.

அம்மா துண்டோடு செங்கல்லை என்னிடம் நீட்டினாள்.

"வச்சிட்டு வா."

"குங்குமத்தோட வைக்க முடியாதும்மா. பாத்தா தெரியும்."

"அப்ப கழுவு."

ஓடையில் குந்தி உட்கார்ந்து கழுவினேன். மஞ்சள் உடனே போய்விட்டது. குங்குமம் போகவில்லை. பழைய செங்கல், உள்ளே முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை. ஓட்டைக்குள் எல்லாம் சிவப்பு இறங்கியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். பிறகு நகத்தை வைத்துச் சுரண்டினேன்.

"நகத்தால சுரண்டாத" என்றாள் அம்மா. "வலிக்கும்."

என் நகத்துக்கு வலிக்கும் என்று அவள் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன். தண்ணீர் கண்ணில் பட்டதா, கண்ணிலிருந்து வந்ததா என்று பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை.

மேலே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கயிறு கட்டிய இடத்துக்கு இரண்டு பேரும் போனோம். உடைந்த கற்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. எதன் மேல் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒரு ஓரத்தில் வைக்கப் போனேன். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். முட்டியைப் பிடித்து மெல்லக் குந்தி, கயிற்றுக்கு அடியில் கையை நீட்டி, ஒரு கல்லை நகர்த்தி, இடுக்கில் செங்கல்லை இறக்கினாள். ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திருப்பி, உடைந்த முனை கீழே போகும்படி வைத்தாள்.

"இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

எழுந்திருக்கக் கை கொடுத்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. கயிறு கட்டிய மரக்கட்டையைப் பிடித்து அவளாகவே எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, எனக்காக நிற்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.