சிசுரு காலையில் போட்ட கீரை

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைப் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது கதையே இல்லை. "நீங்க வாக்கப்பட்டுப் போன ஜப்பான் தீவைப் பத்தி ஒரு கட்டுரை குடுங்க. பார்க்க, ரசிக்க, ருசிக்கன்னு மூணு பகுதி. படிச்சா டிக்கெட் போடத் தோணணும்" என்றார். சரி என்றேன். ஹிஷாகு தீவின் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு படகு போய் அடுத்த படகு வரும்வரை எழுத நேரம் கொட்டிக் கிடக்கிறது.

ஆரம்பம் ஒன்று: உள்கடலின் மடியில் தவழும் இந்தப் பச்சைத் தீவு

(அடித்துவிட்டேன். தீவு எதற்குத் தவழ வேண்டும்?)

ஆரம்பம் இரண்டு: குளிர்காலம் முடியும் நேரத்தில் வந்தால், மலைச்சரிவு முழுக்க டாஃபடில் பூக்களை நீங்கள்

இங்கே கை நின்றுவிட்டது. டாஃபடில் என்று எழுதியதுமே எனக்குச் சிசுருவின் முகம் ஞாபகம் வந்துவிட்டது. சிசுரு என் சிநேகிதி, மேட்டுத் தெருவில் தங்கும் விடுதி நடத்துகிறவள். போன மார்ச்சில் ஒரு நாள் காலை என் ஜன்னலுக்கு வந்தாள். கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, கண்ணெல்லாம் சிவப்பு.

"உனக்கு மூக்கு வேல செய்யுதா?" என்று கேட்டாள்.

"எங்க? எனக்கும் அடைச்சுத்தான் கெடக்கு. ஏன்டி?"

பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். தன் குட்டி டிரக்கில் ஏறி, அவள் ஒருநாளும் ஓட்டாத வேகத்தில் மலைப்பாதையில் போனாள்.

நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். அடுத்த படகில் அக்கரைக்குப் பல் டாக்டரிடம் போனவள், வீக்கம் வடியும்வரை அங்கேயே தங்கிவிட்டேன். திரும்பி வந்து கேட்கவில்லை. இந்தத் தீவில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை. பதற்றம் மட்டும் நிஜம்.

2

சிசுருவின் விடுதியில் மூன்றே அறைகள். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். சமையல், பெட்ஷீட், கணக்கு எல்லாம் இவள் ஒருத்திதான். அன்று ஒரு அறையில் மட்டும் ஆள். ஒகயாமாவிலிருந்து செனோ என்ற பெரியவரும், அவர் மகள் சயாகாவும்.

பூப் பார்க்க வந்தவர்கள், பூ உதிர்ந்த பிறகு வந்திருந்தார்கள். சரிவு முழுக்க வெறும் இலை. மகள் அதற்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பூ போனா என்ன, கடல் எங்க போயிடும்?" என்று பெரியவர் சொன்னார். மனைவி இறந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மகள் முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தாள். முதல் நாள் இரவு சிசுரு வைத்த பொரித்த மீனை, வறுத்த சிப்பியை, எலுமிச்சை பிழிந்த கடற்பாசியை எல்லாம் அவர் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தார்.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு கட்டுக் கீரை. நீலநிற வலைக்கயிற்றால் கட்டியிருந்தது. இது இங்கே சாதாரணம். தோட்டத்தில் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். பெயர் எழுத மாட்டார்கள், கதவைத் தட்ட மாட்டார்கள். வாங்கியவரும் யாரென்று விசாரிப்பதில்லை. விசாரித்தால் ஏதோ குறை சொல்ல வந்ததாக ஆகிவிடும். அடுத்த வாரம் நாம் ஒரு கூடை ஆரஞ்சை எடுத்துப்போய் எந்த வாசலில் வைக்கிறோமோ, அதுதான் நன்றி.

நீலக் கயிறு என்றால் ஃபுசாய் அக்கா. சிசுரு கணவரின் அண்ணன் மனைவி. கட்டு நிறைய நிராக் கீரை. தட்டையாக, நீளமாக, நம் பூண்டுத் தாள் மாதிரி வாசம் அடிக்கும் கீரை.

அதை நறுக்கி முட்டையில் கலந்து சுண்ட வைத்தாள். மிச்சத்தை மிசோ சூப்பில் போட்டாள். செனோ பெரியவர் ஒரு வாய் வைத்தார். கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சயாகா சமையலறைக்கு வந்து, சிசுருவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒகாமி-சான்," என்றாள், விடுதிக்காரம்மாவை அழைக்கிற மரியாதையோடு. "அப்பா ரெண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? நான் டயட்டுன்னு சொல்லி என் பங்கையும் அவருக்கே தள்ளிட்டேன்."

சிசுருவுக்கு மனம் பூரித்துப்போயிற்று. விடுதி நடத்துகிற பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

3

(இங்கே ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. சமைக்கிறவளுக்கு வாசம் தெரியாதா? தெரியாது. மார்ச் மாதம் தேவதாரு மரங்கள் மகரந்தத்தைக் கொட்டும் மாதம். ஊரில் பாதிப்பேர் மூக்கொழுகிக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு திரிவோம். எனக்கு அந்த மாதத்தில் மீனும் சோப்பும் ஒன்றுதான். உப்பு, காரத்தை எல்லாம் சிசுரு கை அளவில்தான் போடுகிறாள். வசதிக்காக நான் கண்டுபிடித்த நோய் இல்லை இது; வேண்டுமானால் வந்து பாருங்கள். டிக்கெட் நான் தருகிறேன்.)

4

அப்பாவும் மகளும் கலங்கரை விளக்கம் வரை போய்வருகிறோம் என்று பஸ் ஏறினார்கள். சிசுரு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தில் கட்டிய ஊர் ஒலிபெருக்கி டிங்-டாங் என்று இசைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தது.

"இது பொதுமக்களுக்கான அறிவிப்பு. நிராக் கீரை என்று நினைத்து டாஃபடில் இலையைச் சமைக்கும் விபத்துகள் இந்த மாதத்தில் அதிகம். டாஃபடில் இலை நஞ்சு. கசக்கி முகர்ந்து பாருங்கள். வாசம் இல்லையென்றால் சாப்பிடாதீர்கள்."

வருஷா வருஷம் இதைக் கேட்டுச் சிரிக்கிறவள்தான். "எவளாவது பூவைக் கொழம்பு வைப்பாளா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். இன்றும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குப்பைக்கூடையிலிருந்து நறுக்கிப் போட்ட அடித்தண்டு ஒன்றை எடுத்துக் கசக்கி மூக்கில் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

மறுபடி கசக்கினாள். ஒன்றுமில்லை. பதறிப்போய்ப் பாத்திரம் தேய்க்கிற சோப்பை முகர்ந்தாள். அதிலும் ஒன்றுமில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். அதிலும்தான். அப்படியானால் இது கீரையா விஷமா என்று அவளால் சொல்லவே முடியாது. தண்டு சாதாரணத்தைவிடத் தடிமனாக இருப்பது போலத் தோன்றியது. சற்று நேரத்தில் அப்படித் தோன்றவில்லை. பயந்தவள் கண்ணுக்கு எதுதான் சரியாகத் தெரியும்?

சயாகாவுக்குப் போன் போட்டாள். மாடி அறையில் மணி அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

தண்டுகளைப் பையில் போட்டு முடிந்துகொண்டு ஓடினாள். முதலில் வந்த இடம் என் ஜன்னல். அது உங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்ற வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருந்தால் அடுத்த படகு வருவதற்குள் தீவு முழுக்கப் போயிருக்கும்: சிசுரு விடுதியில் விஷமாம், ஃபுசாய் கொடுத்ததாம். விடுதியை மூடுவது ஒன்று. ஃபுசாய் அக்கா அதற்கப்புறம் எந்த வாசலிலாவது ஒரு கட்டுக் கீரை வைக்க முடியுமா?

5

ஃபுசாயை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. முதலில் எழுதியபோது அவளைப் பொறாமைக்காரியாக எழுதினேன். குடும்பத்து விடுதி தனக்கு வரவில்லை என்ற ஆத்திரத்தில் வேண்டுமென்றே வைத்தாள் என்று. கதை விறுவிறுவென்று ஓடியது. ஆனால் எனக்குப் பிரசவமானபோது மூன்று வாரம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் அவள். நன்றி கெட்ட கதை வேண்டாம் என்று கிழித்துப்போட்டேன்.

இப்போது இருக்கும் ஃபுசாய் தோட்டத்தில் குனிந்து வேலி கட்டிக்கொண்டிருக்கிறாள். சிசுரு டிரக்கை நிறுத்தி இறங்குகிறாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"என்னடி, அழுதியா, இல்ல மகரந்தமா?"

"மகரந்தந்தான்க்கா. இந்த வருஷம் நிரா நல்லா வந்துச்சா?" கேட்கக் கூடாததைக் கேட்கிற குரல் சிசுருவுக்கே கேவலமாக இருந்தது.

"எங்கடி வந்துச்சு? காட்டுப்பன்னி புகுந்து பாத்தியைப் பூராக் கெளறிப் போட்டுருச்சு. பக்கத்துத் தீவுலேர்ந்து நீந்தியே வருதாம், கொழுப்பு! பன்னி வரக் கூடாதுன்னுதானே சுத்தியும் டாஃபடில் நட்டு வச்சேன்? அதையும் பேத்து எறிஞ்சிருக்கு. கெடந்த கெழங்கையெல்லாம் நாந்தான் அள்ளி மறுபடி ஊனி வச்சேன்."

"நிரா... எதுவும் மிஞ்சலியா?"

"திங்கறதத் தின்னுட்டு, ஓரத்துல கொஞ்சம் விட்டு வச்சிருந்துச்சு" என்று சொல்லி ஃபுசாய் கண்ணைச் சிமிட்டினாள். வாசலில் வைத்தது தான்தான் என்று இந்த ஊரில் இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல மாட்டார்கள். "ஏன், நல்லா இருந்துச்சாமா?"

பன்றி விஷத்தைத் தொடாது. பன்றி விட்டு வைத்ததைத்தான் அக்கா அறுத்திருக்கிறாள்.

"நல்லாருந்துச்சுக்கா" என்றாள். "ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க."

"பாத்தியா!" என்று ஃபுசாய் சிரித்தாள்.

6

ஆசிரியர் கேட்ட 'பார்க்க, ரசிக்க' பகுதி இதுதான். டிரக் போகிற வழியில் வலப்பக்கம் கடல், வெள்ளி மாதிரி. பாறைமேல் கோயிலின் சிவப்பு வாயில், அலை வந்து அதன் காலைக் கழுவுகிறது. இடப்பக்கம் ஆரஞ்சுத் தோட்டம், சரிவெல்லாம் டாஃபடில்

(மன்னியுங்கள். சிசுரு எதையும் பார்க்கவில்லை. அந்தச் சரிவைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை இலை!)

பஸ் நிற்கும் வளைவில், எட்டுக்கால் பேய்க்கணவாயைக் குச்சியில் குத்திப் பொரித்து விற்கிற கடை. "ஒரு பெரியவரும் பொண்ணும் வந்தாங்களா?" என்று வண்டியிலிருந்தே கத்தினாள்.

"வந்தாங்க, வந்தாங்க. பெரியவருக்கு நல்ல பசி போல. ரெண்டு குச்சி வாங்கித் தின்னாரு. விடுதில சோறு போடலியான்னு கேட்டேன். காலைல ஒரு முட்டை சாப்பிட்டேன் பாருங்க, அதுலேர்ந்து பசி தெறந்துகிச்சுன்னாரு!" என்று கடைக்காரி சிரித்தாள். "ஏய், வண்டிய மெதுவா ஓட்டுடி!"

7

கலங்கரை விளக்கத்தின் கீழே ஒரு மரப் பெஞ்சு. பெரியவர் அதில் படுத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. தலை மகள் மடியில். சயாகா கைக்குட்டையை நனைத்து அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒகாமி-சான்! நீங்க எங்க இங்க?" என்று பதறி எழப்போனாள். எழ முடியவில்லை. "ஒண்ணுமில்ல, அப்பாவுக்கு வயித்தப் பொரட்டி வாந்தி எடுத்துட்டாரு. மலைப்பாதை பஸ்ஸு அவருக்கு எப்பவுமே ஒத்துக்காது. அதோட நான் வேற... ஆசையா சாப்பிடறாரேன்னு அந்த எண்ணெய்ப் பலகாரத்த வாங்கிக் குடுத்துட்டேன். எம்மேலதான் தப்பு. பழக்கமில்லாத வயிறுன்னு தெரிஞ்சும்."

"ஒம்மேல என்ன தப்பு" என்று பெரியவர் கண்ணைத் திறக்காமல் முனகினார்.

"எம்மேலதான்ப்பா."

சிசுரு மூச்சு வாங்க நின்றாள். பஸ்ஸும் எண்ணெய்ப் பலகாரமும் தயாராக நின்று பழியை ஏற்கின்றன. மகளும் ஏற்கிறாள். இவள் வாயைத் திறக்கவே வேண்டாம். "அச்சச்சோ" என்றால் போதும். விடுதி பிழைக்கும், அக்கா பிழைப்பாள்.

8

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. உண்மையிலேயே பஸ்தான் காரணம். மாலையில் பெரியவர் எழுந்து நடக்கிறார். சிசுரு சொல்லாமல் விட்டதும் சரியாகப் போயிற்று. (ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, எழுதி முடிக்கும்வரை.)

ஆ. சிசுரு பையிலிருக்கும் தண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று, தனக்கு என்ன ஆகிறதென்று பார்க்கிறாள். (இரண்டு பேரை யார் மலையிலிருந்து இறக்குவது?)

இ. அவள் 'அச்சச்சோ' என்கிறாள். இரவு ஜுரம்

இதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை. நான் காகிதத்தில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷர் அங்கே பெஞ்சில் படுத்திருக்கிறார். தீவில் ஒரே ஒரு டாக்டர். பெரியவர் என்ன சாப்பிட்டார் என்று யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். பஸ் என்று சொன்னால் பஸ்ஸுக்குத்தான் மருந்து கொடுப்பார். எனவே இந்த ஒரு வரியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நானே எழுதுகிறேன்.

"சயாகா-சான், பஸ் காரணமா இல்லாம இருக்கலாம். பேய்க்கணவாயும் இல்லாம இருக்கலாம். காலைல நான் போட்ட கீரை... அது கீரைதானான்னு எனக்குத் தெரியல."

அது நிராவா டாஃபடிலா? சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். சயாகா அது தெரியாமலேதானே பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் மட்டும் தெரிந்துகொண்டு சொல்வது என்ன நியாயம்? ஆம், இனி சயாகா நீங்கள்தான். இப்போது உங்கள் மடியில்தான் உங்கள் அப்பாவின் தலை இருக்கிறது. உங்கள் பங்கையும் அவர் கிண்ணத்தில் தள்ளியவர் நீங்கள். எதிரே நிற்கிறவள் மூக்கு சிவந்து, உதடு துடிக்க, நீங்கள் ஏதாவது சொல்ல மாட்டீர்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏசலாம். அழலாம். சொன்னதற்கு நன்றி என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எதுவானாலும் அப்புறம் சொல்லுங்கள். முதலில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை வண்டியில் ஏற்றுங்கள்.