வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சந்தா

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. சென்னையிலுள்ள ஒரு மாதப் பத்திரிகை, 'எப்போதாவது டி.வி. பார்ப்பவருக்கு எது மலிவு?' என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தது. கேபிளா, டிஷ்ஷா, செல்போன் செயலியா. எதில் செலவு கம்மி, எதில் தொல்லை கம்மி. நான் கதை எழுதுகிறவள். ஆனால் கதை கேட்டு யாரும் இப்போது போன் செய்வதில்லை. ஒப்புக்கொண்டேன்.

'திரு. எக்ஸ் எப்போதாவதுதான் டி.வி. பார்ப்பார்' என்று முதல் வரியையும் எழுதிவிட்டேன். அந்த வாரமே, எங்கள் தெருமுனையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் முருகவேல் வீடு தேடி வந்து இதே கேள்வியைக் கேட்டார். அதன்பின் திரு. எக்ஸுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில் முருகவேல்—" (அடித்துவிட்டேன். திருவண்ணாமலையில் யார் எதை எழுதினாலும் முதல் வரியிலேயே மலை வந்து நின்றுகொள்கிறது. ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் கொடுக்கும் மனுவில்கூட.)

"முருகவேலுக்கு ஒரு மகள் இருந்தாள்—" (செத்துப்போனவளைச் சொல்வதுபோல் இருக்கிறது. நன்றாக இருக்கிறாள். சீரியலில் நடிக்கிறாள்.)

"கையில் கட்டிங் பிளேயருடன் முருகவேல் மொட்டை மாடிக்கு ஏறினார்." (இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.)

2

அவர் மாடிக்கு ஏறி இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் சிந்துஜா, பி.காம். முடித்தவள், பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சென்னைக்குப் போயிருந்தாள். மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த முருகவேலுக்கு, கடைக்குச் சுவரில் பூசும் புட்டி வாங்க வந்த மேஸ்திரிதான் சேதி சொன்னார்: "உங்க பொண்ணு டி.வி.ல நல்லா நடிக்குதுங்க."

வீட்டுக்கு வந்தார். மாடிக்கு ஏறினார். தெருவே பார்க்க, கேபிள் வயரை வெட்டினார். "இனிமே இந்த வூட்ல டி.வி. கெடையாது. அவ பேச்சும் கெடையாது" என்று மேலிருந்தே அறிவித்தார். கீழே நின்ற கேபிள்காரர் ஜியாவுல்லா, "வயர் இன்னாங்க பண்ணிச்சு பாவம்?" என்று மட்டும் கேட்டார். டி.வி.மேல் பழைய போர்வை விழுந்தது.

சிந்துஜாவுக்குக் கிடைத்த வேடம் சின்னது. மூன்றாவது மருமகளின் தங்கை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வருவாள், பாலில் எதையோ கலப்பாள், சிரிப்பாள், போவாள்.*

* சீரியலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தச் சீரியலிலும் யாரோ ஒருத்தி பாலில் எதையோ கலந்துகொண்டுதான் இருக்கிறாள்.

3

"ஏம்மா, பத்திரிகைக்கு இன்னாவோ டி.வி. பத்தி எழுதறியாமே. எப்பவாச்சும் பாக்கறவனுக்கு எது கம்மில முடியும்?"

"நீங்க இன்னா பாப்பீங்கண்ணா?"

"நியூஸு."

கட்டுரையில் நான் எழுதிவைத்திருந்த முதல் விதி இதுதான்: என்ன பார்க்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு பணத்தை எடுங்கள். முருகவேல் முடிவு செய்துவிட்டு வந்திருந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. கேபிள் போடுவதுதான் சுலபம் என்றேன்.

"வேணாம். ஜியாவுல்லா ஏணிய சாத்தினா தெருவே எட்டிப் பாக்கும்."

"அப்ப டிஷ் வைங்க."

"மாடியில தட்டு வெச்சா, கிரிவலம் போறவன்லாம் பாத்துட்டுப் போவான்."

"மாசச் சந்தாவே இல்லாத டிஷ் ஒண்ணு இருக்குண்ணா."

"அதுக்கும் தட்டு வேணுமில்ல?"

நான் சளைக்கவில்லை. "நியூஸ் மட்டும்தான்னா செல்லுலயே ஓசியில வருது. நீங்க எதையும் வாங்கவே வேணாம்."

கட்டுரையின் வெற்றி வாக்கியம் அது. கேட்பவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தேன். முருகவேல் முகம் தொங்கிப்போனது.

"காசு கட்டுற ஆப்பு எதாச்சும் சொல்லும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடணும்."

"நியூஸ் தெனமும்தான் வருது. அது என்னா வெள்ளிக்கிழம?"

கொஞ்ச நேரம் கேட் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"கடைக்கு ரெண்டு பொம்பளைங்க வந்தாங்க. பச்ச எனாமல் வாங்க. ஒருத்தி சொல்றா, 'அந்த வெஷக்காரிய வெள்ளிக்கிழம சாவடிக்கிறாங்களாம், நல்லா வேணும்'னு. நான் பச்சைக்கு பதிலா நீலத்தத் தூக்கிக் குடுத்துட்டேன்."

"கதையிலதானேண்ணா."

"கததான். தெரியாதா எனக்கு? ஆனா சாவப்போறது எம் பொண்ணு மூஞ்சில்ல?" என்றவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "செத்துட்டா அப்புறம் காட்ட மாட்டாங்க. ஒரு தபா பாத்துடறேன். உங்க அண்ணிக்குத் தெரிய வேணாம். வெட்டுனவனே ஒட்ட வெச்சான்னு சிரிப்பா."

4

இந்த இடத்தில் கதை இரண்டு நாள் நின்றுவிட்டது. முருகவேலை எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அது எழுதுகிறவளுக்கு நல்லதல்ல. அவரைக் கொஞ்சம் கெட்டவராக்க முயன்றேன். "பிடிவாதத்தின் மறுபெயரே முருகவேல் என்று—" (அடித்துவிட்டேன். மறுபெயர் வைப்பது என் வேலையில்லை.)

பிறகு எழுதிய வரைக்கும் திரும்பப் படித்தேன். அவர் மனைவி தமிழ்செல்வி ஒரே ஒரு வரியில் வந்திருந்தார். அந்த வரி இது: "தமிழ்செல்வி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்." அவ்வளவுதான். காபி வைத்தார், போனார். உள்ளே போய் என்ன செய்தார் என்று முருகவேல் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வரியையும் எடுத்துவிட்டேன். அவர் இனி காபியில்லாமலே வருவார்.

5

வியாழக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம். முருகவேல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பழைய டச் போன் வாங்கி வந்திருந்தார். சட்டைப் பையில் அவருடைய பட்டன் போன் இருந்தது. செயலியை இறக்கினேன். செல்போனில் மட்டும் பார்க்கும் திட்டம்தான் இருப்பதிலேயே கம்மி. எப்போதாவது பார்ப்பவருக்கு அது போதும் என்று கட்டுரையிலும் எழுதியிருந்தேன். அதில் ஒரு சமயத்தில் ஒரு போனில்தான் படம் ஓடும். தனி ஆளுக்கு அதனால் என்ன?

அவர் நம்பரைப் போட்டேன். பட்டன் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. அதையும் போட்டேன். 'மீண்டும் வருக' என்றது திரை.

"மறுபடியுமா? நான் எப்பம்மா வந்தேன்?"

அந்த நம்பரில் ஏற்கெனவே கணக்கு இருந்தது. சந்தாவும் இருந்தது. கணக்கின் பெயர்: சிந்து அம்மா.

முருகவேல் வீட்டில் கேஸ், பேங்க், ரேஷன் எல்லாவற்றுக்கும் அவர் நம்பர்தான். எங்கே நம்பர் கேட்டாலும் தமிழ்செல்வி அதையே சொல்லிப் பழக்கம். தன் டச் போனில் இந்தச் செயலியைப் போட்டபோதும் அதையே கொடுத்திருக்கிறார். ஓ.டி.பி.யை, இவர் குளிக்கப் போன நேரத்தில் பட்டன் போனை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். சந்தா புதுப்பிக்கப்பட்டதாக வந்த மெசேஜ்கள் எல்லாம் முருகவேலின் சட்டைப் பையிலேயேதான் இருந்தன. எதையும் பிரிக்கவில்லை.

"லோன் வேணுமான்னு கேக்கறானுங்கன்னு இருந்துட்டேன்" என்றார்.

பார்த்தவற்றின் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். சிந்துஜா வந்த நாட்கள் மட்டும் முழுதாக ஓடியிருந்தன. மற்ற நாட்களை அந்த அம்மா திறக்கவே இல்லை. மூன்றாவது மருமகளுக்கு என்ன ஆனது என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருந்த 'எப்போதாவது பார்ப்பவர்' இவர்தான்.

முருகவேலுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். (கோபத்துக்கு ஒரு பத்தி தயாராக இருந்தது. வீணாகிவிட்டது.) அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "மொதல் நாள்லருந்து பாத்திருக்காளா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரேன்" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அதை யோசித்திருக்க வேண்டும்; புட்டி மூட்டைகளை நகர்த்தி வைக்கப் போய்விட்டார்.

6

வெள்ளிக்கிழமை நான் அங்கே இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். இருவரும் மாறுபடும் இடங்களில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன்.*

* இதற்குத்தான் எழுத்தாளர் என்று பெயர்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கே முருகவேல் கடையைச் சாத்திவிட்டார். தலைவலி என்று படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தமிழ்செல்வி, மாவு கரைக்கணும் என்று சமையலறைக்குப் போனார். நடுவில் ஒரு சுவர்.

சீரியல் தொடங்கியது. பெரிய வீடு, மாடிப்படி, பால் தம்ளர். சிந்துஜா பட்டுப் புடவையில் படியிறங்கி வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளைப் பார்க்கிற முருகவேல், "எளச்சிட்டா" என்று வாய்விட்டுச் சொன்னாராம்.

அந்த நொடியில் படம் நின்றது. 'வேறொரு சாதனத்தில் பார்க்கப்படுகிறது' என்று வந்தது. அவருக்கு அது புரியவில்லை. மறுபடி அமுக்கினார். படம் ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் தமிழ்செல்வியின் போனில் படம் நின்றது. அவர் அமுக்கினார். இங்கே நின்றது. இவர் அமுக்கினார். பால் தம்ளர் எப்படியோ கை மாறி சிந்துஜாவிடமே வந்துவிட்டது. அப்பா பார்த்தது தம்ளரை வாங்கியதை. அம்மா பார்த்தது வாயருகே கொண்டுபோனதை. குடித்ததை இருவருமே பார்க்கவில்லை. அந்த நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போது முருகவேலுக்குப் புரிந்துவிட்டது. போனை அணைத்துக் கட்டில்மேல் போட்டார். கதவைத் திறந்துகொண்டு சமையலறை வாசலுக்குப் போனார்.

தமிழ்செல்வி அடுப்பு மேடையில் ஒரு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கை நீட்டி, போனை வாசல் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

"நீதானா அது?" என்றார்.

"நான்தான்" என்றார் முருகவேல்.

மகள் மாடிப்படியில் சரிந்து விழுந்தாள். கேமரா மூன்று பக்கத்திலிருந்தும் அதைக் காட்டியது. கண் மூடினாள். முருகவேல் சட்டென்று, "ஒரு போன் போடு" என்றார்.

"யாருக்கு?"

"அவளுக்குத்தான். நம்பர் இருக்கில்ல உங்கிட்ட?"

"இப்பதான் செத்தா" என்ற தமிழ்செல்விக்கு, அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "கததான்யா அது."

"தெரியும். நீ போடு."

7

பத்திரிகைக்கு ஏற்ற முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது: சிந்துஜா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். இன்னொன்று கொஞ்சம் இலக்கியமானது: மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் முருகவேல் வேறு யாரோ மாதிரி பேசினார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சிந்துஜா எடுத்தாள். வேறேதோ ஷூட்டிங்கில் இருந்தாள், பின்னால் யாரோ லைட்டை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். "அம்மா, பாத்தியா?" என்று கேட்டாள். தமிழ்செல்வி போனைக் கணவர் கையில் கொடுத்தார்.

"சாப்ட்டியான்னு கேட்டேன்" என்கிறார் முருகவேல். "எங்க கேட்டாரு? காதுல வெச்சிக்கினு சும்மாவே நின்னாரு" என்கிறார் தமிழ்செல்வி. "அதுக்கு அந்தப் பக்கமும் சத்தமில்ல. ஆனா அவ கட் பண்ணவும் இல்ல."

இருவரில் ஒருவர் சொல்வதை நான் எழுதியாக வேண்டும். எழுதவில்லை. நீங்கள் யாரை நம்புகிறீர்களோ, அவர் சொன்னபடி படித்துக்கொள்ளுங்கள்.