பஸ் போகாது என்றவள்

பேருந்து நிலைய அறிவிப்பாளர் கை கழுவப் போயிருந்த நேரம், பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் அவருடைய அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் நிதானமாக வந்தது.

"இன்னைக்கு எந்த பஸ்ஸும் போகாது. டிரைவர்களுக்கு மனசு சரியில்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

ஜனங்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். டிரைவர்களும் யோசித்துப் பார்த்து, மனசு சரியில்லாதது உண்மைதான் என்று வண்டிகளைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஊரே ஸ்தம்பித்தது.

பிள்ளை இப்படித் தறிகெட்டதற்குக் காரணம் என்ன என்று சிறார் நீதிமன்றம் கேட்டது. வறுமையா, சேர்க்கை சரியில்லையா, அப்பா குடிகாரரா? விசாரித்து வரும்படி நன்னடத்தை அதிகாரியை அனுப்பினார் நீதிபதி அம்மா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மகளுக்குச் சிநேகிதம் எப்படி என்று அதிகாரி விசாரித்தார். அதை அவள் அம்மாவிடம் கேட்கச் சொன்னார் அப்பா. அம்மா எட்டடி தூரத்தில் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தாள். ஏன், அவருக்குத் தெரியாதாமா என்று கேட்கச் சொன்னாள் அவள். அதிகாரி கேட்டார். பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினார். சற்று நேரத்தில் அப்பாவின் நீல பனியன் எங்கே என்று கேட்கப் போய், கொடியிலிருந்து அதை எடுத்தும் வந்து கொடுத்தார்.

மகள் நாற்காலியில் சாய்ந்து, பணி ஓய்வு பெற்றவளைப் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாங்கிளாஸ்லேருந்து இவங்க சொன்னதைத்தான் சார் சொல்லிட்டிருக்கேன்," என்றாள். "ஒரு தடவை நானா ஏதாவது சொல்லணும்போல இருந்துச்சு."

பேச்சு நின்றுபோன அந்தச் சண்டை எதற்காகத் தொடங்கியது என்று பெற்றோர் இருவரிடமும் கேட்டார் அதிகாரி. இருவருக்கும் ஞாபகமில்லை.

அதிகாரி அத்தனையையும் ஒப்பித்ததும் நீதிபதி அம்மா தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அந்தப் பெண் ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோகக் கூடாது, மீறினால் பெற்றோர்தான் உள்ளே போகவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வீட்டில் உப்பு தீர்ந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, உப்பில்லாமலே சாப்பிட்டார்கள். ஒருநாள் மாலை மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் படியிறங்கிக் கூடத்துக்குள் வந்தது. மோட்டார் சுவிட்ச் அப்பாவின் தலைக்கு மேலே இருந்தது. கைக்கெட்டும் தூரம்தான், ஆனாலும் யாராவது நிறுத்தச் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். அம்மா மகளைப் பார்த்தாள். மகள் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு பாடம் படித்தாள். அம்மாவின் கணுக்கால் நனைந்தது.

"மோட்டாரை நிறுத்துங்க," என்றாள் அம்மா.

"என்னையா சொல்ற?"

"இங்க வேற யாரு இருக்கா?"

அவர் நிறுத்தினார். இருவருமாகத் தண்ணீரை வழித்துக் கொட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது வாளி நிரம்புவதற்குள் சண்டை பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாகத் தேங்கியதெல்லாம் கொட்டியது. அவர் தங்கச்சி கல்யாணம், அவள் அண்ணனின் வாய், ஜன்னல் திரையின் நிறம், எதுவும் மிச்சமில்லை. மகள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரியைப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே மடக்கி, காது கிழிகிறது, கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

"நான் சொல்லமாட்டேன்," என்றார் அதிகாரி. "நீங்களே போய்ச் சொல்லுங்க."