விட்றா

என் தம்பி ரகு கடைசியாகப் பேசியது ஒரே வார்த்தை: "விட்றா." பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டிக்கொண்டிருந்த கவினிடம் சொன்னான். சொன்ன கையோடு பைக் ஒரு பெரியவர்மேல் மோதியது. பால் பாக்கெட்டோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்த வெங்கடசாமி அங்கேயே இறந்துபோனார். ரகுவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனது. ஹெல்மெட் போட்டிருந்த கவினுக்குக் கால் மட்டும் உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சந்தாபுரா பக்கம் ரோடு காலியாக இருக்குமாம், அதனால் ரேஸ் விடப் போனார்களாம். பெங்களூரில் எந்த ரோடு என்றைக்குக் காலியாக இருந்தது? பால் வாங்கப் போகிறவர்களை இந்தத் துரைகள் ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். என் தம்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரகு தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே போயிருக்கிறான். பக்கத்தில் டேரில் என்கிறவனின் பைக் முந்துகிறது, பின்தங்குகிறது, மறுபடி முந்துகிறது. போன் முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நீளமாக ஒரு ஹாரன், பிறகு காற்றின் இரைச்சல், பிறகு ரகுவின் குரல். அதற்குப் பிறகு வானம் மட்டும் தெரிகிறது.

இந்த வீடியோவைப் போட்டுக் காட்டத்தான் இன்ஸ்பெக்டர் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். பின்னால் இருந்தவன்தான் வேகமாக ஓட்டச் சொன்னான் என்று கவினின் வக்கீல் சொல்கிறாராம். வீட்டு ஆளாக நான் என்ன சொல்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வண்டிய விட்றா என்றால் ஓட்டு, இன்னும் வேகமாக ஓட்டு. அவன விட்றா என்றால் டேரில் போய்த் தொலையட்டும், போட்டி வேண்டாம். முதலாவது என்றால் ஒரு மனிதரின் சாவில் ரகுவுக்கும் பங்கு. இரண்டாவது என்றால் அவன் தடுக்கப் பார்த்தவன். முன்னால் ஏதோ ஒரு சொல் இருக்கிறது. காற்று அதைத் தின்றுவிட்டது.

வாக்குமூலத்தைக் கன்னடத்தில் எழுதும்போதாவது அர்த்தம் ஒரு பக்கமாக விழுமா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் வந்தார். "நம்ம கன்னடத்துலயும் இதே கதைதான்ம்மா. காடி பிடு அந்த்ரெ வண்டிய ஓட்டு. அவன்ன பிடு அந்த்ரெ அவன விட்டுடு. வ போயி ப வந்திருக்கு, அவ்ளோதான்." யோசித்து அடுத்த வாரம் வந்து சொல்லும்படி அனுப்பினார்.

வெங்கடசாமியின் மகள் பார்கவியும் அன்று வந்திருந்தார். வீடியோவை என்னோடு சேர்ந்து பார்த்தார். ஓட்டு என்றா, விட்டுடு என்றா என்று நானும் இன்ஸ்பெக்டரும் மாற்றி மாற்றிப் பேசியதை கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல எங்கப்பா எங்கயுமே இல்லயே," என்றார். "அவர யாராச்சும் பாத்தாங்களா? அத மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க."

வெட்கமாக இருந்தது. ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டு வந்துவிட்டேன்.

பாருங்கள், வந்துவிட்டேன். இதுதான் என்னைப் படுத்துகிறது. அந்த வார்த்தை இல்லாமல் தமிழில் எதையுமே முடிக்க முடிவதில்லை. சாப்பிட்டுவிட்டேன், பூட்டிவிட்டேன், செத்துவிட்டான். ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்காரம்மா தினமும் காலையில் கீழேயிருந்து "தண்ணி விட்டாங்களா?" என்று கத்துவார். அடுப்பில் கிண்டிக்கொண்டிருக்கும் அம்மாவின் கை அப்படியே நிற்கும். தொம்மலூரில் என் ஆபீஸில் பக்கத்துச் சீட்டுக்காரி ஆறுதலாக "விடு வைஷ்ணவி" என்பாள். எழுந்து பாத்ரூமுக்குப் போய் நிற்பேன். குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியிலும் ரகு சொல்லிக்கொண்டிருப்பான்.

வீட்டில் நானும் அம்மாவும் அந்தச் சொல்லைத் தவிர்க்கப் பழகினோம். மோருக்குத் தண்ணீர் விடமாட்டோம், ஊற்றுவோம். தாளிப்பில் எண்ணெய்கூட விடுவதில்லை. இரண்டு பொம்பளைகள் ஒரு சொல்லுக்குப் பயந்து சமையலறையில் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்டேஷனில் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் என் பக்கம்தான் இருப்பாள் என்று நினைத்தேன். "ஓட்டுன்னுதான் சொல்லியிருப்பான். அப்படியே சொல்லிடு," என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். பெற்ற பிள்ளைமேல் பழி போடச் சொல்கிறாயே, உனக்கென்ன புத்தி பிசகிவிட்டதா என்று கத்தினேன். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று சொன்னானென்றால் அவன் பயந்திருக்கிறான் என்று அர்த்தம், பயந்து கெஞ்சிக்கொண்டே போனான் என்று அர்த்தம், அதை வைத்துக்கொண்டு தன்னால் தூங்க முடியாது என்றாள். சந்தோஷமாகப் போயிருக்கட்டும், பழி வந்தால் வரட்டும் என்றாள். நான் அவனுக்கு நல்ல பெயர் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அவனுக்குப் பயமில்லாத ஒரு சாவைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரே வார்த்தைக்குள் இரண்டும் சேர்ந்து இருக்காது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கவின் வந்தான். மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டபோதே யாரென்று தெரிந்தது. ரகுவின் சிநேகிதன், தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். அம்மா நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அவன் பாதியாக இளைத்திருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

தூங்க முடியவில்லை என்றான். கண்ணை மூடினால் காதுக்குப் பின்னால் அந்தக் குரல் வருகிறதாம். வக்கீல் ஓட்டு என்று சொல்லச் சொல்கிறாராம், அவனும் அப்படித்தான் நினைத்தானாம், ஆனால் இப்போது சந்தேகமாம். "நீங்க அவன் அக்கா. உங்களுக்குத் தெரியும். அவன் என்னக்கா சொன்னான்?"

அவன விட்றான்னு கெஞ்சினான், நீதான் கேக்கல என்று சொல்லி அவனை அங்கேயே நொறுக்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. அந்த ஒரு பதிலுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்றுகூட நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் வெளியே வந்தது பார்கவியின் கேள்வி.

"அந்தப் பெரியவர நீ பாத்தியா?"

அவன் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் கேட்டதற்குத் திடீரென்று குறுக்கே வந்தார் என்று சொல்லியிருந்தவன்.

"பாத்தேன்க்கா."

"எப்ப?"

"தூரத்துலயே. ஹாரன் அடிச்சேனே. நின்னுடுவாருன்னு நெனச்சேன். பிரேக் போட்டா டேரில் போயிடுவான்."

ஹாரன். அந்த வீடியோவை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நான், அம்மா, இன்ஸ்பெக்டர், வக்கீல், எல்லோரும் கேட்டோம். அந்த ஹாரன் எங்கள் காதில் விழவே இல்லை. இந்த ஊரில் ஹாரனை யார் சத்தமாக எண்ணுகிறார்கள்? சிக்னலில் நின்றால் அடிப்பான், நிற்காவிட்டாலும் அடிப்பான். அதற்குப் பின்னால் வந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். ஹாரன் வெங்கடசாமிக்கு அடித்தது. வீடியோவில் அவர் இருந்த ஒரே இடம் அதுதான்.

ரகு என்ன சொல்லியிருந்தாலும் அதற்கு முன்பே இவன் அவரைப் பார்த்துவிட்டான். ஹாரனுக்கு ரகுவும் நிமிர்ந்து பார்த்திருப்பான். அப்படியென்றால் அது வண்டியும் இல்லை, டேரிலும் இல்லை. அவர விட்றா. அவர் போகட்டும், விட்றா. அப்படியும் இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை. எழுந்து கவினின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன். ஊன்றுகோல் தரையில் விழுந்தது. அவன் தடுக்கவில்லை.

"விடுடி."

சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ரகுவின் குரல் அம்மாவிடமிருந்து வந்தது. முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல், அதே மாதிரி, பட்டென்று விழுந்தது. இத்தனை நாள் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்ட சொல்லை அவளே சொல்லியிருந்தாள். பையனை மன்னித்துவிடச் சொன்னாளா, வழக்கைக் கைவிடச் சொன்னாளா, சட்டையை மட்டும் சொன்னாளா? அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

கவின் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகு பார்கவிக்குப் போன் செய்தேன். அவன் உங்கப்பாவைப் பார்த்தான் என்று சொன்னேன், ஹாரனையும் சொன்னேன். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அம்மா எதைச் சொன்னாளோ தெரியாது. நான் சட்டையை மட்டும்தான் விட்டேன்.