வெறுங்காலோடு வாசித்தவர்

வேதாசலமும் துரைராஜும் பேசிக்கொள்வதில்லை என்று முதலில் கண்டுபிடித்தவன் தாமோதரன். அதற்குக் காரணம் கண்டுபிடித்தவன் நான்.

காஞ்சிபுரத்திலிருந்து வரும் ‘செய்யாற்றுத் தென்றல்’ இன்னிசைக் குழுவுக்கு வேதாசலம்தான் லீடர். அக்கார்டியன் வாசிப்பார். துரைராஜ் பாடகர், அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். பதினேழு வருடங்களாக எங்கள் பக்கத்துத் திருவிழாவும் கல்யாண வரவேற்பும் அவர்கள் இல்லாமல் நடந்ததில்லை. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த காதரின் மைக் செட் கடையில் அவர்களுக்கு இரண்டு கட்சிகள் இருந்தன. காதர் பாடகர் கட்சி. தாமோதரன் லீடர் கட்சி. நான் யார் பேச்சு நன்றாக இருக்கிறதோ அவர் கட்சி.

எண்பத்தொன்றாம் வருடம் புள்ளலூர்க் கச்சேரிக்குப் போய்விட்டு வந்த தாமோதரன் கடையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். எப்போதும் வேதாசலம் தலையை ஆட்டி “ஒன், டூ, த்ரீ” என்று சொன்னால்தான் பாட்டு தொடங்கும். இப்போது துரைராஜ் ஷூ காலால் மேடையில் தட்டுகிறான், பாட்டு தொடங்குகிறது. பாட்டு முடியும்வரை தட்டிக்கொண்டே இருக்கிறான். இருவரும் மேடையில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்வதில்லை. அதுவும் பெரியவரின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி. முன்பெல்லாம் முகம் தெரியுமளவுக்கு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வருபவர் இப்போது செருப்பைக்கூட மேடைக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்து வாசிக்கிறார்.

பாடகன் தாளம் தட்டினால் என்ன குற்றம் என்றான் காதர். வயதில் மூத்தவர் பக்கத்தில் காலைத் தூக்கித் தட்டுவது தாளமா என்று தாமோதரன் கேட்டான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்ட நேரம் போக, கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாவல்களில் பனி பெய்யும் ஊர்களின் வயதான பிரபுக்கள் தங்கள் மாளிகையிலேயே விருந்தாளிகளாகிப் போவார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய நாற்காலி இடம் மாறியிருக்கும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதையெல்லாம் நான் செய்யாற்றுத் தென்றலுக்குப் பொருத்தினேன். குழு துரைராஜின் கைக்குப் போய்விட்டது, பெரியவர் பெயருக்குத்தான் லீடர், மேடையில் தன் முன்னால் அவர் காலணி போடக் கூடாது என்று துரைராஜ் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. காதர்கூட மறுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அந்தக் கதை என்னிடமே திரும்பி வந்தது. கூரத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வைக்காத வசனமெல்லாம் அதில் இருந்தது. “செருப்ப கழட்டினு வாய்யா” என்று துரைராஜ் சொன்னானாம். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

அடுத்த மாதம் மானாம்பதியில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் காதர் மைக் செட் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். இந்தக் குழுவோடு பெரிய பேஜார் என்று வழியெல்லாம் புலம்பினான். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை கட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்களாம். லீடரும் பாடகரும் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரே நீளப் பலகை வேண்டுமாம்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். காதர் வெளியே மரத்தில் ஹாரன் கட்டிக்கொண்டிருந்தான். ஒயர் சுருளை எடுக்க நான் பந்தலுக்குள் போனேன். மேடையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். வேதாசலம் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐந்தடி தள்ளி துரைராஜ் குதிகாலால் பலகையைத் தட்டினார்.

பெரியவர் இல்லை என்று தலையாட்டினார்.

துரைராஜ் மண்டியிட்டு, பலகைக்கு அடியில் யாரோ வைத்திருந்த சாக்கை இழுத்து எறிந்தார். பெரியவரோடு சேர்த்து நாற்காலியை இன்னும் நெருக்கமாக நகர்த்தினார். மறுபடி தட்டினார். பிறகு குனிந்து பெரியவரின் வலது காதுக்குள் சத்தமாகக் கேட்டார்.

“இப்ப தெரியுதாண்ணா?”

வேதாசலம் வெறும் பாதங்களைப் பலகையில் அழுத்திப் பார்த்தார். “ம். இப்ப நல்லா வருது. தட்டு” என்றார்.

ஒயர் சுருள் என் கையிலிருந்து விழுந்தது. துரைராஜ் திரும்பினார். அவர் பார்ப்பதைப் பார்த்துத்தான் பெரியவரும் திரும்பினார்.

பிறகு வேதாசலம் என்னை அருகே கூப்பிட்டு, எந்த ஊர், யார் மகன் என்றெல்லாம் கேட்டார். நான் சொன்ன பதில்களை துரைராஜ் அவர் காதில் திருப்பிச் சொன்னார். இடது காது முழுதாகவே போய்விட்டது என்றும், வலது காதில் இரைச்சல்தான் மிச்சம் என்றும் பெரியவரே சொன்னார். அக்கார்டியனின் மேல் கையை வைத்தார்.

“இது நெஞ்சு மேலயே கீது தம்பி. நான் வாசிக்கிறது நெஞ்சுல அதிருது, எனக்குத் தெரியும். தாளம்தான் எங்க போவுதுன்னு தெரியல. அத்த இவன் கால் வழியா குட்துக்கினு கீறான்.”

ஊரில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள் என்று நான் முணுமுணுத்தேன். யார் அப்படிப் பேச ஆரம்பித்தது என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

துரைராஜ் சிரித்தார். “எனக்கும் காதுல விழுந்துது. பேசட்டும் வுடு. ரெண்டு பேருக்கும் சண்டைன்னா ஜனம் பாக்க வரும். லீடருக்குக் காது கேக்கலன்னா எவன் கூப்டுவான்?”

அதைப் பெரியவரின் காதில் அவர் சொல்லவில்லை.

தாமோதரன் ரைஸ் மில்லில் எழுத்தர். அந்த வருடம் எங்கள் ஆடித் திருவிழாக் குழுவின் செயலாளரும் அவன்தான். மறுநாள் கடைக்கு வந்தவன், இந்த முறை செய்யாற்றுத் தென்றலைக் கூப்பிடப் போவதில்லை என்றான். பெரியவர் அவமானப்படுவதை எங்கள் ஊர் மேடையிலும் பார்க்க அவனால் முடியாதாம். சின்ன வயதில் அவர் வாசிப்பைக் கேட்பதற்காகவே பதினெட்டு மைல் சைக்கிள் மிதித்தவன் அவன்.

செருப்புக் கதை நான் கட்டியது என்று அப்போதே சொன்னேன். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, நாவல் படித்துப் படித்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றேன்.

“நீ இன்னாத்த கட்றது? என் கண்ணால பாத்தேனே நானு” என்றான் தாமோதரன்.

உண்மையில் அவன் பார்த்திருந்தான். வெறுங்காலை, ஷூவை, தட்டியதை எல்லாம் பார்த்திருந்தான். அவற்றுக்கு வேறு அர்த்தம் உண்டு என்று சொல்ல வேண்டுமானால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமோதரன் நல்லவன். ஆனால் அவனால் வருத்தத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரத்தில் காஞ்சிபுரம் வரை எல்லோரும் பெரியவருக்காகப் பரிதாபப்படுவார்கள். பரிதாபப்பட்டுக்கொண்டே வேறு குழுவைக் கூப்பிடுவார்கள்.

பெரியவரைக் கூப்பிடாமல் விட்டால் அதுவும் அவருக்குத்தான் அவமானம் என்று காதர் வாதாடினான். துரைராஜின் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவன் நோக்கம். திருவிழாக் குழுவில் மற்றவர்களும் அதையே சொன்னதால் தாமோதரன் கடைசியில் இறங்கி வந்தான். ஆனால் கடிதத்தில் ஒரு நிபந்தனை போட வேண்டும் என்றான். பாடகர் மேடையில் காலணி அணியக் கூடாது.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் திருவிழாக் குழுவின் கடிதங்களை நான்தான் எழுதுவேன். மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று தாமோதரன் வழக்கம்போல வெறும் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

தேதி எழுதினேன், நேரம் எழுதினேன், மேடையில் ஒரே நீளப் பலகை போடப்படும் என்றும் எழுதினேன். நிபந்தனை வர வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெறுங்குதிகாலால் தட்டியிருந்தால் மானாம்பதிப் பலகையில் அது பெரியவரின் பாதத்துக்கு எப்படி எட்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு, ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’ என்று எழுதி அவன் கையெழுத்தோடு சேர்த்து முடித்தேன்.

திருவிழாவன்று மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. கருப்பு ஷூவோடு துரைராஜ் மேடையேறினார். முதல் பாட்டுக்கு அவர் குதிகாலைத் தட்டியதும் கூட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. வேதாசலத்துக்கு அது கேட்டிருக்காது. பாதங்கள் பலகையில் பதிந்திருக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எங்கும் பிசகவில்லை.

தாமோதரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு அருகில் நின்ற என்னிடம் வந்தான்.

“லெட்டர்ல எழுதுனியா, இல்லியா?”

எழுதினேன், அவர் மதிக்கவில்லை என்று சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள். துரைராஜும் மறுக்க மாட்டார்.

“எழுதல” என்றேன்.

“மறந்துட்டியா?”

“இல்ல. வேணும்னுதான் எழுதல.”

“ஏன்?”

மேடையில் பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்திருந்தது. நான் பெரியவரின் பாதங்களைப் பார்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதாவது ஒரு காரணம் தேவைப்பட்டது. எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

“என் கையெழுத்துக்கு மேல எழுதுனியேடா அத்த” என்றான். அவன் குரல் உயரவில்லை. திரும்பிப் போய்விட்டான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காதர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கையை எடுத்தான். அவன் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“நீ நம்ம கட்சின்னு ஒரு வார்த்த சொல்லவே இல்லியேடா.”

ஆமாம் என்றேன். அவன் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தான். முன்வரிசையில் தாமோதரன் எனக்காகத் துண்டு போட்டு வைத்திருந்த இடத்தில், யாரோ ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.